ஃபார்வர்டு படமா, வழக்குக் கோப்பா? மத ஒடுக்குமுறையை வெளியே சொல்வது பற்றி ஒரு இழை

தூரப்பார்வை | 9 மே 2025, காலை

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். சீனத்தின் உய்குர் முஸ்லிம்கள், ஃபாலுன் காங் தியானப் பயிற்சியாளர்கள், ஈரானின் பஹாய்கள், ரஷ்யாவின் யெகோவா சாட்சிகள், எரித்ரியாவின் பெந்தெகொஸ்தேக்காரர்கள் என்று வாரத்துக்கு ஒரு படம் வாட்ஸ்அப்பில் வருகிறது. சங்கிலி, ரத்தம், அழும் குழந்தை. கீழே "பத்துப் பேருக்கு அனுப்புங்கள்". நானும் அனுப்புகிறேன். அந்த அரசுகளுக்குத் தேர்தல் பயமும் இல்லை, பத்திரிகை பயமும் இல்லை. இங்கே நாம் கத்துவது அங்கே யார் காதில் விழும்? விழிப்புணர்வு என்பது நம் மனசாட்சிக்கு நாமே தடவிக்கொள்ளும் தைலம். இதுதான் என் கட்சி. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

கோப்புக்காரர் | 9 மே, இரவு

பாதி சரி. ஃபார்வர்டு படத்தால் பயனில்லை என்கிறீர்கள். நான் கெடுதல் என்றே சொல்வேன்.

2017 ஆகஸ்ட் 25க்குப் பிறகு மியான்மரின் ரக்கைன் மாநிலத்திலிருந்து ஏழு லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியா முஸ்லிம்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். அந்த வாரமே துருக்கியின் துணைப் பிரதமர் மெஹ்மெட் ஷிம்ஷெக் ட்விட்டரில் நான்கு படங்கள் போட்டார். நிகழ்வுக்குச் சம்பந்தமே இல்லாத படங்கள். பிறகு நீக்கிவிட்டார். ஆனால் ஆங் சான் சூச்சியின் அலுவலகம் அதையே பிடித்துக்கொண்டு, பெரிய பொய்ப்பிரச்சாரத்தின் ஒரு நுனிதான் இது என்று அறிக்கை விட்டது. எரிந்த கிராமங்களைப் பற்றிப் பேசவேண்டிய நாட்களில் உலகம் படத்தைப் பற்றிப் பேசியது. ஒரு தவறான படம் ஒடுக்குகிறவனுக்குக் கொடுத்த பரிசு அது.

இதே ஆயுதம் அவர்களையும் திருப்பி அடித்தது. 2018ல் மியான்மர் ராணுவம் ஒரு புத்தகம் போட்டது. ரோஹிங்கியாக்கள் பௌத்தர்களைக் கொன்றதாக அதில் ஒரு படம். அது 1971ல் வங்கதேசத்தில் எடுத்த படம் என்று ராய்ட்டர்ஸ் கண்டுபிடித்தது. அந்நியர்கள் ஊடுருவுவதாகக் காட்டிய இன்னொரு படத்தில் இருந்தவர்கள் 1996ல் தான்சானியாவில் நடந்துபோன ருவாண்டா அகதிகள். படைத்தரப்பு வருத்தம் தெரிவிக்கவேண்டி வந்தது. பழைய மூலத்தைத் தேடிப் பிடித்த நிருபர்களால் வந்த வினை.

ஆக, பலன் தருவது கோப்பு. ஒரு ஆள், ஒரு தேதி, ஒரு சட்டப்பிரிவு. கோப்பில் என்ன இருக்கவேண்டும் என்று நாளை எழுதுகிறேன்.

கோப்புக்காரர் | 10 மே

அடிப்படைக் கோப்பு இரண்டு பக்கத்தைத் தாண்டக்கூடாது.

முதலில் பெயர். நாம் உச்சரிக்கிறபடி மட்டும் எழுதினால் போதாது, அவர் நாட்டு எழுத்திலும் அடையாள அட்டையில் இருக்கிறபடியே வேண்டும். ஒரே உய்குர்ப் பெயர் சீன எழுத்து வழியாக வரும்போது ஒரு வடிவம், அரபு எழுத்து வழியாக வரும்போது இன்னொரு வடிவம். இரண்டு பட்டியலைச் சேர்த்தால் ஒருவர் இருவராகிவிடுவார். அதனால் தந்தை பெயரும் பிறந்த ஆண்டும் கட்டாயம்.

பிறகு கைது. தேதி, ஏறக்குறைய நேரம், இடம். வந்தவர்கள் சீருடையில் இருந்தார்களா, எந்தத் துறை என்று சொன்னார்களா, வண்டியில் என்ன எழுதியிருந்தது, ஆணை காட்டினார்களா. எதை எடுத்துப்போனார்கள், அதற்கு ரசீது கொடுத்தார்களா. என்ன குற்றச்சாட்டு, எந்தப் பிரிவு. இப்போது எங்கே இருக்கிறார், அது யாருக்கு எப்படித் தெரியும். குடும்பம் எந்த அலுவலகத்துக்கு என்றைக்குப் போனது, என்ன பதில். வழக்கறிஞரைப் பார்க்கவிட்டார்களா.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள்: நேரில் பார்த்தது, பார்த்தவர் சொன்னது, கேள்விப்பட்டது. இந்த மூன்றும் கலந்துபோன கோப்பைத் தேர்ந்தவர்கள் முதல் பக்கத்திலேயே மூடிவைத்துவிடுவார்கள்.

கடைசியாக, மிக முக்கியமாக, சம்மதம். இதைத் தனியாகப் பேசவேண்டும்.

சட்டப்புத்தகம் | 11 மே

மேலே "எந்தப் பிரிவு" என்று ஒரு வரியில் கடந்துபோய்விட்டார். விஷயமே அங்கேதான் இருக்கிறது என்பேன்.

குற்றப்பத்திரிகையில் "மதம்" என்ற சொல் பெரும்பாலும் இருக்காது. சீனத்தின் செங்டு நகரத்தில் ஏர்லி ரெயின் திருச்சபைப் போதகர் வாங் யீ 2018 டிசம்பரில் கைதானார். 2019 டிசம்பர் 30 அன்று ஒன்பது ஆண்டு சிறை. குற்றச்சாட்டு என்ன தெரியுமா? அரசதிகாரத்தைக் கவிழ்க்கத் தூண்டியது, சட்டவிரோத வணிகம் செய்தது. ஃபாலுன் காங் பயிற்சியாளர்களுக்குச் சீனக் குற்றவியல் சட்டத்தின் 300வது பிரிவு: தீய வழிபாட்டு அமைப்பைப் பயன்படுத்திச் சட்ட அமலாக்கத்தைக் குலைத்தல். ரஷ்யாவில் உச்ச நீதிமன்றம் 2017 ஏப்ரல் 20 அன்று யெகோவா சாட்சிகளின் தலைமை மையத்தையும் 395 உள்ளூர் அமைப்புகளையும் தீவிரவாத அமைப்பு என்று கலைத்தது. அதன்பின் வீட்டில் உட்கார்ந்து பைபிள் வாசித்தாலும் 282.2 பிரிவு: தடைசெய்த அமைப்பின் செயலைத் தொடர்ந்தது. டென்மார்க் குடிமகன் டென்னிஸ் கிறிஸ்டென்சனுக்கு 2019 பிப்ரவரியில் ஆறு ஆண்டு கிடைத்தது இதே பிரிவில்தான். தண்டனை வரும்வரைகூடக் காத்திருக்கமாட்டார்கள். வழக்கில் பெயர் வந்தவுடன் நிதிக் கண்காணிப்புத் துறையின் தீவிரவாதிகள் பட்டியலில் ஏற்றி வங்கிக் கணக்கை முடக்கிவிடுவார்கள்.

ஈரானில் பஹாய்களுக்கும் மதம் மாறிய கிறிஸ்தவர்களுக்கும் தேசப் பாதுகாப்புப் பிரிவுகள். 2021ல் தண்டனைச் சட்டத்தின் 500வது பிரிவோடு ஒரு துணைப்பிரிவைச் சேர்த்து, "வழிதவறிய போதனை" என்று இரண்டு முதல் ஐந்து ஆண்டு வைத்தார்கள். பாகிஸ்தானில் ஜியா உல் ஹக்கின் ராணுவ ஆட்சி கொஞ்சம் வெளிப்படை: 1984ல் அவசரச்சட்டம் போட்டு, அகமதியர் தம்மை முஸ்லிம் என்று சொல்லிக்கொண்டாலே மூன்று ஆண்டு என்று 298-சி பிரிவில் எழுதிவைத்தது. அது இன்றும் இருக்கிறது.

அதனால் "மதத்துக்காகச் சிறை" என்று மட்டும் எழுதினால், "எங்கள் நாட்டில் மதத்துக்காக யாரும் சிறையில் இல்லை, அவர் பொருளாதாரக் குற்றவாளி" என்று தூதரகம் ஒரே வரியில் முடித்துவிடும். பிரிவு எண்ணை எழுதி, அந்தப் பிரிவின்கீழ் அவர் செய்ததாகத் தீர்ப்பு சொல்கிற செயல் எது என்று எடுத்துக்காட்டுங்கள். ஜெபக்கூட்டம், புத்தகம் அச்சிட்டது, பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியது. தீர்ப்பின் வாசகமே உங்கள் சாட்சி.

தூரப்பார்வை | 11 மே, மாலை

தீர்ப்புக்கு எங்கே போவது? யார் கொடுப்பார்கள்?

சட்டப்புத்தகம் | 11 மே, இரவு

குடும்பத்திடம் ஒரு பிரதி இருக்கும், அல்லது வழக்கறிஞரிடம். ரஷ்ய நீதிமன்றங்கள் தம் தளத்தில் நிறையவே ஏற்றிவைக்கின்றன. சீனத்தில் பொதுத் தீர்ப்புத் தளத்திலிருந்து நிறைய வழக்குகள் காணாமல்போயின. எங்கே பார்த்தாலும் பார்த்த கணமே பக்கத்தை ஆவணக் காப்பகத் தளத்தில் சேமியுங்கள். நாளைக்கு இருக்காது.

தீர்ப்பே எழுதாத இடமும் உண்டு. எரித்ரியாவில் பல பேருக்கு விசாரணையே கிடையாது. 2002 மே மாதம் முதல் அங்கே ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்கம், லூதரன், சுன்னி இஸ்லாம் நான்குக்கும்தான் அனுமதி. யெகோவா சாட்சிகளின் குடியுரிமையை 1994லேயே அதிபர் ஆணை பறித்தது. அந்த ஆண்டு பிடித்த மூன்று பேரை 2020 டிசம்பரில்தான் விட்டார்கள். 26 ஆண்டு, வழக்கே இல்லாமல். இப்படிப்பட்ட இடத்தில் பிரிவு இல்லை என்பதே உங்கள் முதல் வாதம்.

கோப்புக்காரர் | 12 மே

பிரிவைப் பற்றிச் சொன்னது முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஒரு சேர்க்கை: சின்னத் தாள்களையும் விடாதீர்கள்.

ஈரானில் பஹாய் மாணவர்கள் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதுவார்கள். முடிவு பார்க்க எண்ணைப் போட்டால் திரையில் தரவரிசை வராது. "கோப்பு முழுமையாக இல்லை" என்று ஒரு வரி வரும். விண்ணப்பத்தில் குறையே இருக்காது. அந்தத் திரைப்பிடியைத் தனியாகப் பார்த்தால் கணினிக் கோளாறு என்று தோன்றும். அதன் பக்கத்தில் 1991ன் ரகசியக் குறிப்பாணையை வையுங்கள். பஹாய் என்று தெரிந்தால் பல்கலைக்கழகத்திலிருந்து விலக்கவேண்டும் என்று உச்ச கலாச்சாரப் புரட்சிக் கவுன்சில் எழுதியது, 1993ல் ஐ.நா. சிறப்புப் பிரதிநிதி வெளியிட்டார். இரண்டு தாளும் சேரும்போதுதான் கொள்கை தெரிகிறது. அடிபட்ட படத்தைவிட இந்த ஒரு வரித் திரை கனமான ஆதாரம். வாட்ஸ்அப்பில் யாரும் அனுப்பமாட்டார்கள், அதில் ரத்தம் இல்லையே.

தூரப்பார்வை | 12 மே

சரி, ஆனால் எண்ணிக்கையும் வேண்டுமே. உய்குர்கள் வாழும் ஷின்ஜியாங்கில் பத்து லட்சம் பேர் முகாமில் என்று ஐ.நா. அறிவித்தது. அந்த எண்தான் உலகத்தை எழுப்பியது.

சட்டப்புத்தகம் | 13 மே

ஐ.நா. அறிவிக்கவில்லை. 2018 ஆகஸ்டில் ஐ.நா.வின் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழுவின் உறுப்பினர் கே மெக்டூகல், நம்பத்தகுந்த பல தகவல்கள் பத்து லட்சம் என்று மதிப்பிடுகின்றன என்று சீனத் தூதுக்குழுவிடம் கேட்டார். அது ஒரு உறுப்பினரின் கேள்வி. "ஐ.நா. சொன்னது" என்று எழுதினால், ஐ.நா. அப்படிச் சொல்லவில்லை என்று பெய்ஜிங் மறுக்கும். மறுப்பு சரியாகவும் இருக்கும். தேவையா?

ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகத்தின் அறிக்கை 2022 ஆகஸ்ட் 31 அன்று வந்தது, ஆணையர் மிச்செல் பச்லெட் பதவிக்காலம் முடிய நிமிடங்கள் இருக்கையில். அதன் வாசகம்: சர்வதேசக் குற்றங்களாக, குறிப்பாக மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களாக அமையக்கூடும். "அமையக்கூடும்" என்பதை வெட்டாதீர்கள். அக்டோபர் 6 அன்று இதை விவாதிக்கலாமா என்ற தீர்மானமே மனித உரிமைக் கவுன்சிலில் 17க்கு 19 என்று தோற்றது. 11 நாடுகள் வாக்களிக்கவில்லை, இந்தியாவும் அதில் ஒன்று.

இதேபோல், கைதிகளின் உடல் உறுப்புகளைச் சீனம் எடுப்பதாக வந்த புகாரைப் பற்றி "சீனத் தீர்ப்பாயம்" என்ற பெயரில் 2019ல் லண்டனில் ஜெஃப்ரி நைஸ் தலைமையில் நடந்ததை "சர்வதேச நீதிமன்றத் தீர்ப்பு" என்று பகிர்கிறார்கள். அது மக்கள் தீர்ப்பாயம். சாட்சியங்களைக் கேட்டு முடிவு சொன்ன தனிக்குழு, யாரையும் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. அப்படியே சொல்லுங்கள், மதிப்பு குறையாது.

கோப்புக்காரர் | 13 மே

எண்ணிக்கையை விடப் பெயர்ப்பட்டியல் வலுவானது என்பதற்கு அதே ஷின்ஜியாங்கே உதாரணம். 2020ல் கசிந்த, கரகாஷ் வட்டார அதிகாரிகளின் பட்டியலில் 137 பக்கம். 300க்குச் சற்று மேற்பட்டவர்களைப் பற்றி விரிவான குறிப்பு. முகாமில் அடைத்த காரணம் என்ற கட்டத்தில் தாடி, முக்காடு, பாஸ்போர்ட் விண்ணப்பம், அதிகப் பிள்ளைகள். பத்து லட்சம் என்றால் மறுக்கலாம். பாஸ்போர்ட் விண்ணப்பித்ததற்காக அடைத்த ஒருவரை, வீதி வாரியாக எழுதிவைத்த தாளை மறுப்பது கஷ்டம்.

கட்டடங்களையும் அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். உள்ளூர் அரசுகளே ஒப்பந்தப்புள்ளி கேட்டு விளம்பரம் போட்டிருந்தன: காவல் கோபுரம், முள்கம்பி, இத்தனை சதுர மீட்டர். அதைப் பிடித்துக்கொண்டு செயற்கைக்கோள் படத்தில் தேடினார்கள். பஸ்ஃபீட் செய்தித் தளத்தின் குழு வேறு வழி எடுத்தது. சீனத்தின் பைடு இணைய வரைபடத்தில் முகாம் இருக்கிற இடத்தை நெருக்கிப் பார்த்தால் ஒரு கட்டத்தில் வெளிர்சாம்பல் சதுரம் வந்து மறைக்கும், இன்னும் நெருக்கினால் போய்விடும். மறைத்த சதுரங்களைப் பட்டியல் போட்டு, மற்ற நிறுவனங்களின் படத்தோடு ஒப்பிட்டு, 2017க்குப் பின் கட்டிய 260க்கும் மேற்பட்ட கட்டடத் தொகுதிகளைக் காட்டினார்கள். 2021ல் புலிட்சர் பத்திரிகை விருது கிடைத்தது. மறைக்க வைத்த திரையே விலாசம் சொல்லிக்கொடுத்துவிட்டது! இவற்றைத்தான் சீன அரசு "தொழிற்பயிற்சி நிலையம்" என்றது. காவல் கோபுரம் வைத்த தையல் வகுப்பு.

கோப்புக்காரர் | 15 மே

சம்மதம். பலரும் கோட்டைவிடுவது இங்கே.

"சொல்லலாமா?" என்று ஒரே கேள்வியாகக் கேட்காதீர்கள். மூன்றாகப் பிரியுங்கள். பெயரோடு ஐ.நா.வுக்கு ரகசியமாக அனுப்பலாமா? பெயரோடு அந்த அரசுக்குப் போகலாமா? பெயரோடு, படத்தோடு பொதுவில் வரலாமா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆம், இல்லை. தேதி போடுங்கள். எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்றும் சொல்லுங்கள். பொதுவில் போன பிறகு முழுதாகத் திரும்பப் பெற முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

இரண்டாவது கேள்வியைத் தனியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. ஐ.நா. நியமிக்கிற தனி நிபுணரான சிறப்பு அறிக்கையாளர் அரசுக்குக் கடிதம் எழுதும்போது பாதிக்கப்பட்டவரின் பெயர் அதில் போகும். தகவல் கொடுத்தவரின் பெயர் போகாது. ஆனால் அந்த விவரம் மூன்று பேருக்குத்தான் தெரியும் என்றால், யார் சொன்னது என்று அந்த அரசுக்குத் தெரியாதா? அனுப்புவதற்குமுன் ஒவ்வொரு வரியிலும் "இது வேறு யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேளுங்கள். பதில் ஒருவர் என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

ஆபத்து கற்பனை இல்லை. ஒவ்வொரு நாட்டின் மனித உரிமை நிலையையும் ஐ.நா.வில் மற்ற நாடுகள் முறைவைத்து அலசுவதற்குப் பெயர் உலகளாவிய காலமுறை ஆய்வு. சாவ் ஷுன்லி சீனத்தின் ஆய்வில் குடிமக்களுக்கும் இடம் வேண்டும் என்று போராடியவர். 2013 செப்டம்பரில் ஜெனீவாவுக்குப் பயிற்சிக்குப் புறப்பட்டபோது பெய்ஜிங் விமான நிலையத்தில் பிடித்தார்கள். காவலில் உடல்நலம் குலைந்து 2014 மார்ச் 14ல் இறந்தார். அவருக்காகக் கவுன்சிலில் மௌன அஞ்சலி கேட்டபோது அதையும் சீனத் தூதுக்குழு தடுத்தது.

தூரப்பார்வை | 15 மே

அப்படியென்றால் வாயை மூடிக்கொண்டிருப்பதுதானே பாதுகாப்பு?

சட்டப்புத்தகம் | 16 மே

சில நேரம் ஆம். முடிவு குடும்பத்துடையது, நம்முடையது இல்லை. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தால், விடுதலைக்கு வாய்ப்பு கண்ணில் தெரிந்தால், அமைதி நல்லது. ஆள் எங்கே என்றே தெரியாவிட்டால் சத்தம்தான் நல்லது. இருக்கிற இடம் வெளியே தெரிந்தவரைக் காணாமல் ஆக்குவது கடினம்.

சத்தம் வேலைசெய்த வழக்கு ஒன்று. சூடானில் உமர் அல்-பஷீர் ஆட்சி. 2014 மே 15ல் மரியம் இப்ராஹிமுக்கு மதம் துறந்த குற்றத்துக்கு, 1991 குற்றவியல் சட்டத்தின் 126வது பிரிவில், மரண தண்டனை. நிறைமாதம். சிறையிலேயே பிரசவம். பெயர், பிரிவு, தேதி மூன்றும் தெளிவாக இருந்ததால் ஒரு வாரத்தில் உலகெங்கும் ஒரே வாசகம் ஓடியது. ஜூன் 23ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது, மறுநாள் விமான நிலையத்தில் திரும்பப் பிடித்தார்கள், ஜூலை 24ல் இத்தாலி போய்ச் சேர்ந்தார். 126வது பிரிவு 2020ல் நீங்கியது. அதற்கு பஷீரை வீழ்த்திய மக்கள் எழுச்சி காரணம், கையெழுத்து மனுக்களுக்குப் பெருமை கொடுக்கமாட்டேன். ஆனால் நீக்கவேண்டிய பிரிவு எது என்று ஊரறிந்திருந்தது.

வேலைசெய்யாத வழக்கும் சொல்கிறேன். எரித்ரிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைத் தலைவர் அபுனே அந்தோனியோஸ். அரசு தன் திருச்சபையில் தலையிடுவதை எதிர்த்தார். பதவி பறிபோனது, வீட்டுக்காவல். உலகமே பெயர் சொல்லிக் கேட்டது. 2022 பிப்ரவரி 9 அன்று காவலிலேயே இறந்தார்.

கோப்புக்காரர் | 17 மே

இன்றைய தேதிக்கு ஒன்று. கெண்டுன் சோக்கி நியிமா. 1995 மே 14ல் தலாய் லாமா அவரை, திபெத்திய பௌத்தத்தில் தமக்கு அடுத்த நிலையிலுள்ள பஞ்சன் லாமாவின் மறுபிறப்பு என்று அறிவித்தார். வயது ஆறு. மூன்றாம் நாள், மே 17, குடும்பத்தோடு காணாமல் போனார். இன்றோடு 30 ஆண்டு. ஐ.நா. குழந்தை உரிமைக் குழு பலமுறை கேட்டது. 2020ல் சீன வெளியுறவுத் துறை சொன்ன பதில்: கல்லூரி முடித்துவிட்டார், வேலையில் இருக்கிறார், தொந்தரவு செய்வதை அவர் விரும்பவில்லை.

இப்படிப்பட்ட பதில் வந்தால் என்ன செய்வது என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். கோபப்படாமல் உடைத்துக் கேட்கவேண்டும். எந்தக் கல்லூரி, எந்த ஊர், அரசு சாராத யார் கடைசியாக நேரில் பார்த்தது, என்றைக்கு. பதில் வராத ஒவ்வொரு கேள்வியும் அடுத்த கடிதத்தில் எண் போட்டு ஏறவேண்டும்.

சட்டப்புத்தகம் | 18 மே

எங்கே அனுப்புவது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வாய்க்கு வந்த முகவரிக்கெல்லாம் அனுப்பாதீர்கள்.

மத அல்லது நம்பிக்கைச் சுதந்திரத்துக்கான சிறப்பு அறிக்கையாளர்: 1986 முதல் இருக்கிற பதவி, 2022 முதல் நசீலா கானியா. அந்த நாடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதா என்ற கவலை இல்லை, உள்நாட்டு நீதிமன்றங்களில் முடித்துவிட்டு வரவேண்டும் என்பதும் இல்லை. ஐ.நா. தளத்தில் ஒரே படிவம். ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் ஏதாவது ஒன்றில் எழுதுங்கள். மூன்று விஷயம் நிராகரிக்க வைக்கும்: வசைமொழி, அரசியல் நோக்கம் மட்டும் தெரிவது, வெறும் பத்திரிகைச் செய்தியை ஒட்டி அனுப்புவது. "கொடுங்கோலன்" என்ற சொல்லை எடுத்தால் உங்கள் மனு இளைக்காது. அரசுக்குப் போன கடிதம் பெரும்பாலும் 60 நாள் கழித்துப் பொதுவில் வரும், அதன்பின் அதை எடுத்துக்காட்டிப் பேசலாம்.

தன்னிச்சைக் காவல் செயற்குழு: 1991ல் அமைந்தது, ஐந்து பேர். அரசுக்கு 60 நாள் கெடு, கேட்டால் ஒரு மாதம் நீட்டிப்பு. அரசின் பதில் உங்களுக்கு வரும், நீங்கள் மறுப்பு எழுதலாம், பிறகு கருத்துரை வரும். அவர்களுக்கு ஐந்து வகைப்பாடு உண்டு. மத வழக்கு பெரும்பாலும் இரண்டாவதிலும் (உரிமையைப் பயன்படுத்தியதற்காகக் காவல்) ஐந்தாவதிலும் (பாகுபாடு) விழும். சட்ட அடிப்படையே காட்டாவிட்டால் முதலாவது. எது என்று நீங்களே எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கட்டாயக் காணாமல்போதல் செயற்குழு: ஆள் போய் மூன்று மாதத்துக்குள் என்றால் அவசர நடைமுறை. தாண்டினால் சாதா வரிசை. அதனால் "இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்" என்று இழுக்காதீர்கள். உறவினர் சம்மதம் கட்டாயம்.

உலகளாவிய காலமுறை ஆய்வு: தனி அமைப்பின் சமர்ப்பணத்துக்கு 2815 சொல், கூட்டாகக் கொடுத்தால் 5630. தாண்டினால் ஏற்பதில்லை. கெடு ஆய்வுக்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும். 2024 ஜனவரியில் சீனத்தின் ஆய்வில் பேச நாட்டுக்கு 45 விநாடிதான் கிடைத்தது. உங்கள் கோரிக்கை ஒரு தூதர் 45 விநாடியில் வாசிக்கிற ஒரு வாக்கியமாக இருக்கட்டும்.

சட்டப்புத்தகம் | 18 மே, சற்றுப் பின்

ஒப்பந்த விஷயம் விட்டுப்போனது. சீனம் குடிமை அரசியல் உரிமை உடன்படிக்கையில் 1998ல் கையெழுத்திட்டது, இதுவரை ஏற்புறுதி செய்யவில்லை. அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் மனித உரிமைக் குழுவுக்குச் சீன வழக்கை அனுப்புவது வீண் தபால் செலவு. ஆனால் இனப் பாகுபாடு ஒழிப்பு, சித்திரவதை, குழந்தை உரிமை உடன்படிக்கைகளை அது ஏற்றிருக்கிறது. 2018ல் ஷின்ஜியாங் கேள்வி இனப் பாகுபாடு ஒழிப்புக் குழுவில் எழுந்தது அதனால்தான். ஈரானும் எரித்ரியாவும் குடிமை அரசியல் உடன்படிக்கையில் இருக்கின்றன, தனிநபர் முறையீட்டு நெறிமுறையில் இல்லை.

அந்த உடன்படிக்கையின் 18வது உறுப்பை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். வழிபாட்டைக் கட்டுப்படுத்தப் பொதுப் பாதுகாப்பு, ஒழுங்கு, சுகாதாரம், ஒழுக்கம், பிறர் உரிமை என்று காரணங்கள் இருக்கின்றன. தேசப் பாதுகாப்பு பட்டியலில் இல்லை. விட்டுப்போனதா என்று சந்தேகப்பட வேண்டாம், அந்தக் காரணம் செல்லாது என்று 1993ன் பொதுக் கருத்துரை 22 வெளிப்படையாகவே சொல்கிறது. நம்பிக்கையைக் கைவிடும்படி வற்புறுத்துவதற்கோ எந்தக் காரணமும் கிடையாது, நெருக்கடி நிலையிலும் கிடையாது. ஆகவே விசாரிக்கும்போது இதைக் கட்டாயம் கேளுங்கள்: ஏதாவது உறுதிமொழித் தாளில் கையெழுத்து கேட்டார்களா? அதில் என்ன எழுதியிருந்தது? போட்டால் விடுவதாகச் சொன்னார்களா? "ஆம்" என்று வந்தால், பொருளாதாரக் குற்றம் என்ற பூசி மெழுகல் அங்கேயே உடைந்துவிடும். சட்டவிரோத வணிகம் செய்தவரிடம் விசுவாசத்தைத் துறக்கும் தாளில் ஏன் கையெழுத்து வாங்கவேண்டும்?

கோப்புக்காரர் | 20 மே

விசாரிப்பது பற்றி. "அடித்தார்களா?" என்று கேட்காதீர்கள், "அப்புறம் என்ன நடந்தது?" போதும். பதிலை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். தேதி ஞாபகமில்லை என்றால் மழைக்காலமா, பண்டிகைக்கு முன்னா பின்னா என்று நெருங்குங்கள், நீங்களாக ஒரு தேதியை நிரப்பவேண்டாம். பணம் கொடுத்துச் சாட்சியம் வாங்காதீர்கள், பயணச் செலவு மட்டும், ரசீதோடு. ஒரே ஆளை நான்கு அமைப்புகள் நான்கு முறை கேட்டால் நான்கு சிறு வித்தியாசம் வரும், எதிர்த்தரப்பு அதைத்தான் தேடும்.

வட கொரியா பற்றிய ஐ.நா.வின் மைக்கேல் கிர்பி விசாரணை ஆணையம் நாட்டுக்குள் போகவே முடியாமல் 2014ல் அறிக்கை கொடுத்தது. பொது விசாரணையில் 80க்கும் மேற்பட்ட சாட்சிகள், ரகசியப் பேட்டி 240க்கும் மேல். 2015ல் மிகப் பிரபலமான சாட்சி ஷின் டோங்-ஹ்யுக் தன் கதையின் சில பகுதிகளைத் திருத்தினார். முழு அறிக்கையும் பொய் என்று பியோங்யாங் குதித்தது. அறிக்கை சாயவில்லை, அது அவர் ஒருவர்மேல் நிற்கவில்லை. உங்கள் பிரச்சாரம் ஒரே முகத்தின்மேல் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தூரப்பார்வை | 21 மே

படம், வீடியோ வந்தால்? அதை எப்படிக் கையாளவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

கோப்புக்காரர் | 22 மே

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, எடுத்த நேரம் இடம் எல்லாவற்றையும் கழற்றிவிடும். மூலம் வேண்டுமென்றால் "டாக்குமென்ட்" ஆக அனுப்பச் சொல்லுங்கள். ஆனால் அந்த இருப்பிடத் தகவலே அனுப்பியவரைக் காட்டிக்கொடுக்கும். அதனால் மூலம் பூட்டிய வட்டில் இருக்கட்டும், வெளியே போவது தகவல் நீக்கிய பிரதி.

வந்தவுடன் திறந்து பார்ப்பதற்கு முன்பே எஸ்ஹெச்ஏ-256 கைரேகை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிட்டுத் தரும் அடையாள எண்) எடுங்கள். 64 எழுத்து எண் வரும். அதை, யாரிடமிருந்து என்றைக்கு எப்படி வந்தது என்ற குறிப்போடு தனியே எழுதிவையுங்கள். பின்னாளில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். வேலையெல்லாம் பிரதியில்தான். இணையத்தில் கிடைத்த ஆதாரத்தை நீதிமன்றம் ஏற்கும்படி சேர்ப்பதற்கு பெர்க்லி நெறிமுறை என்று 2020ல் ஒரு கையேடு வந்தது, ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் சேர்ந்து போட்டது. நீளமானது, இருந்தாலும் படியுங்கள்.

காயத்தின் படம் என்றால் மூன்று தூரம்: முழு ஆள், உறுப்பு, கிட்டத்தில் அளவுகோலோடு. கிட்டப் படம் மட்டும் இருந்தால் அது யார் உடம்பு என்றே சொல்ல முடியாது. முடிந்தால் இஸ்தான்புல் நெறிமுறை (சித்திரவதைக் காயங்களைப் பதிவுசெய்யும் சர்வதேச வழிகாட்டி) தெரிந்த மருத்துவர் பார்க்கட்டும்.

முகத்தை மறைக்க மங்கலாக்குவது போதாது, சில வகை மங்கலை மீட்டெடுக்க முடியும். கெட்டிக் கறுப்புக் கட்டம் போடுங்கள். பச்சை குத்தியது, சுவர்க் கடிகாரம், ஜன்னல் வழியே தெரியும் கோபுரம், பின்னணிக் குரல் இவற்றையும் பாருங்கள். பிடிஎஃப்பில் பெயர்மேல் கறுப்புப் பட்டை இழுத்தால் அடியில் எழுத்து அப்படியே இருக்கும். தேர்ந்து ஒட்டினால் வந்துவிடும். பட்டை போட்ட பக்கத்தைப் படமாக மாற்றிப் புதிதாக பிடிஎஃப் செய்யுங்கள், பிறகு நீங்களே ஒட்டிப் பாருங்கள்.

சட்டப்புத்தகம் | 22 மே

அமெரிக்கச் சர்வதேச மதச் சுதந்திர ஆணையத்தின் பட்டியலை மேற்கோள் காட்டலாமா என்று ஒரு கேள்வி. காட்டலாம், வழக்கு தேடக் கைகொடுக்கும். 1998ன் அமெரிக்கச் சட்டத்தில் பிறந்த அமைப்பு என்பதை மறைக்காதீர்கள். அதை மட்டும் ஆதாரமாக வைத்தால் எதிர்த்தரப்பு வழக்கை விட்டுவிட்டு வாஷிங்டனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடும்.

கோப்புக்காரர் | 23 மே

ஒன்று விட்டுப்போனது. கோப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது ஆளின் பெயரை வைக்காதீர்கள், எண் வையுங்கள். எந்த எண் யார் என்ற பட்டியல் வேறு வட்டில், வேறு கடவுச்சொல்லில். இரண்டும் ஒரே பையில் எல்லை தாண்டக்கூடாது.